பத்தி நாற்பத்தொன்று

தம்பு செட்டி தெரு, இரண்டாவது மாடி.
பக்கத்துக்கு முப்பது ரூபாய், அவசரமென்றால் நாற்பது.
துளசிங்கத்தின் அப்பீல் அவசரம்.

தீர்ப்பில் நாற்பது பத்திகள்
காசிமேட்டு விடியலில் நடக்கின்றன:
மீன் ஏலம், வராத பாக்கி, ஒரு வசவு,
ஐஸ் உடைக்கும் கட்டை,
எத்திராஜின் தலை.
அடித்தவன் ஓடவில்லை.
போலீஸ் வரும்வரை காலிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.
இது பத்தி முப்பதில் இருக்கிறது,
நாற்பத்தொன்றுக்குத் தெரியாது.

நாற்பத்தொன்றில்தான் அந்த எண்.
ஆயுள்; அதில் இருபத்தைந்து ஆண்டு
எந்தக் குறைப்பும் கேட்கக் கூடாது.
ஏன் பதினெட்டு இல்லை, முப்பது இல்லை
என்று ஒரு சொல்லும் இல்லை.
ரெடிமேட் சட்டையை
அளவு பார்க்காமல் மாட்டிவிட்ட மாதிரி.

என் விரல்களுக்கு அந்த வரி ஏற்கெனவே தெரிந்திருந்தது.
"மேடம், போன மாசம் ஓட்டேரி கேஸ்ல
இதையேதான் அடிச்சேன். கமாகூட மாறல.
அது கத்தி. இங்கயும் கத்தின்னே இருக்கு."

ரஹ்மத் மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.
"எங்க, படி."
"கூரிய கத்தியால், ஈவிரக்கமின்றி..."

ஆறு காரணங்களும் சட்டம்:
அந்த எண்ணை விதிக்க
செஷன்ஸ் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்பது முதல்.
ஏழாவது, கட்டை.

ஓரத்து ஸ்டூலில் குமுதவல்லி,
மடியில் நாலு வயசு தூங்குகிறது.
"அப்ப வெளிய வந்துருவாருங்களா?"
"இல்லம்மா. பல வருஷம் கழிச்சு
விடுங்கன்னு மனு போடலாம். அதுக்குத்தான் இது."
"கேக்குறதுக்கேவா இவ்ளோ பேப்பரு?"
விரல் மடக்கி எண்ணினாள்,
குழந்தையின் வயசோடு கூட்டி,
இருபத்தொன்பதில் நிறுத்தினாள்.

நேற்று ஹைகோர்ட்டில்
எண் போனது. ஆயுள் நின்றது.
பாக்கிப் பணம் வாங்கப் போயிருந்தேன்.
வராந்தாவில் எத்திராஜின் தங்கை
யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்:
"கத்தின்னா என்னா, கட்டைன்னா என்னா.
எங்கண்ணன் எழுந்து வந்து
இல்ல, கட்டைதான்னு சொல்லப் போறானா?"
ரஹ்மத் மேடம் கவுனை மடித்துக்கொண்டிருந்தார்,
மடித்ததையே மறுபடி மடித்தார்.

மாடியேறி வந்தேன். புழலிலிருந்து
இன்னொருத்தர் அப்பீல், நாளைக்கே வேண்டுமாம்.
நேரம் மிச்சமென்று
துளசிங்கத்தின் ஃபைலையே திறந்து
பேரை மாற்றினேன், தேதியை மாற்றினேன்,
காசிமேட்டை வியாசர்பாடி ஆக்கினேன்.

பிரின்ட் எடுத்த பிறகு பார்த்தால்
நாலாம் பக்கத்தில்
ஐஸ் உடைக்கும் கட்டை.