இருப்புச் சரிபார்ப்பு

முன்னெல்லாம் பதினெட்டு நாள் கதவு சாத்தியிருக்கும்.
ஒருவர் எண் வாசிக்க, ஒருவர் டிக் அடிக்க,
தும்மல்தான் மூன்றாவது ஆள்.
இப்போது பூப்பந்து மட்டை போல் ஒரு கருவி.
அலமாரி முன் நின்று வீசினால்
முதுகு காட்டி நிற்பவை எல்லாம்
திறக்காமலே பேர் சொல்கின்றன.

காணாதவை பதினொன்று என்றது திரை.
அதில் ஒன்று
போட்டித் தேர்வுக் கணிதம். தடித்தது. ஒரே பிரதி.
ஆறு மாதமாய்
"சம்பளத்துல பிடிச்சிருவாங்க சார்" என்று
நாகரத்தினம் புலம்பாத நாளில்லை.

தேடும் பொத்தானை அழுத்தி நடந்தேன்.
வரலாறு, சத்தமில்லை.
சமையல், சத்தமில்லை.
கால்நடை மருத்துவம் வந்ததும் லேசாய் முனகி
கோமாரி நோய்க்குப் பக்கத்தில் கத்தியே விட்டது.

பின்வரிசையில் படுக்க வைத்திருந்தது.
நடுவே ஒரு காசில்லாப் பயணச்சீட்டு,
திருமோகூர் பேருந்து.
பிரித்ததும் வெங்காய வாசம்.

கீழமாசி வீதி மண்டியில் கணக்கெழுதிவிட்டு
மூன்று மணிக்கு வருவாள் முத்திருளாயி.
உறுப்பினர் அட்டை கிடையாது.
பிணைக் கையெழுத்துக்கு மதுரைக்குள் ஆளில்லை.
கன்றுகூட இல்லாதவள்
தினமும் மாட்டு வைத்தியத்தின் அருகே
ஏன் உட்கார்கிறாள் என்று
நான்தான் யோசித்ததில்லை.

"உள்ளது" என்று பதிந்தேன்.
படிவம் ஒன்றில் பிணையாளர் கட்டத்தை நிரப்பி,
என் கையெழுத்து எனக்கே கோணலாய்த் தெரிய,
சீட்டிருந்த பக்கத்தில் செருகி
கோமாரிக்குப் பின்னால் படுக்க வைத்தேன்,
முன்பு கிடந்த மாதிரியே.

கருவியை அணைத்தேன்.
மணி இரண்டு ஐம்பது.