கூரை யார் பெயரில்

ஜெலுத்தோங் பிளாட்டின் பதினேழாம் மாடிக்கு மேல்
வெயில் சும்மா கிடக்கிறது.
வாடகை இல்லை, மீட்டர் இல்லை.

வங்கியில் கேட்டார்கள்: கூரை யார் பெயரில்?
முந்நூற்று நாற்பது வீட்டின் பெயரிலும், என்றேன்.
அப்படியென்றால் யார் பெயரிலும் இல்லை என்று
படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள் அந்தப் பெண்,
கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

பாதி வீடு வந்தால்தான் கூட்டம் செல்லும்.
முதல் முறை பதினொரு பேர்.
அடுத்து மழை; ஒன்பது.
மூன்றாவதில் நானும் காவலாளி தாமாங்கும்
அறுபது கறிபாப்பும்.

"தகடு வெடிக்குமா?" என்றார் ஓங்.
"தண்ணித் தொட்டி சூடாகுமே" என்றார் ரொஹானா அக்கா.
தவமணி கேட்டதுதான் கேள்வி:
"வாடகைக்கு இருக்கிறவள் நான்.
மிச்சமாகும் வெள்ளி
வீட்டுக்காரனுக்கா, எனக்கா?"
அதற்குப் பதில் எழுத மூன்று ராத்திரி ஆனது.

நாலாவது கூட்டத்தன்று, மாலை ஆறு மணிக்கு,
இரண்டு லிஃப்டும் நின்றன.
வேலை விட்டு வந்தவர்கள்
அரிசிப் பையும் பிள்ளையுமாய்க் கீழேயே நின்றார்கள்.
பிள்ளைகளைக் கழித்துவிட்டு எண்ணினேன்:
நூற்று எழுபத்து மூன்று.
ரிப்பேர்காரர் பெட்டியைத் திறந்தார்.
"மெதுவாவே பாருங்க அண்ணே" என்றேன்.

கைகள் உயர்ந்தன.
ஓங்கின் கை கடைசியாக, பாதி உயரத்துக்கு.

இன்னும் எத்தனையோ கையெழுத்து பாக்கி.
ஆனாலும் இன்று காலை
மொட்டை மாடியை அளக்கப் போனேன்.
பூட்டைத் திறந்தால்
வெயிலில் வரிசையாய்க் கருவாடு காய்கிறது.
இருப்பதே ஒரு சாவி.
அது என் கையில் இருக்கிறது.