மூன்றாவது எடுத்துக்காட்டு

பாயான் லெப்பாஸில், இரண்டாம் மாடியில், இரவுப் பணி.
தண்ணீர்ப் புகார்களைத் தரம் பிரிக்க
ஒரு பொறியை வாடகைக்கு எடுத்திருந்தோம்.
எங்களுக்கென்று பிறந்ததில்லை அது.
கடல் சட்டம் தெரியும், கல்யாணப் பத்திரிகை எழுதும்,
சிறுநீரகக் கல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும்.
"பைப்ல தண்ணி இல்ல லா, மூணு நாளாச்சு"
என்று கொடுத்தால்
வறட்சியைப் பற்றி நாலு பத்தி எழுதி
கடைசியில் ஆறுதலும் சொல்லும்.

அதைத் திறந்து உள்ளே கைவைக்க எங்களிடம் காசில்லை.
அதன் மூளையில் ஒரு திருகுகூட நகராது.
எங்களால் நகர்த்த முடிந்தது
அதற்கு முன்னால் வைக்கும் சொற்களை மட்டும்.

எழுதினேன்: வகைப்படுத்து.
தமிழில் வினையை வெறுமனே நிறுத்தினால்
அதுவே ஏவல். நட. கொடு. நில்.
பள்ளியில் படித்தபோது சுலபமாக இருந்தது.
எதன்படி என்று கேட்காமல்
பதினேழு வகை கண்டுபிடித்தது பொறி.
அதில் ஒன்று: ஏக்கம்.

வகைப்படுத்துக என்று வியங்கோளில் பணிந்து பார்த்தேன்.
வாழ்த்துப்பா மாதிரி பதில் வந்தது.
நீ இருபது வருடம் புகார் மேசையில் உட்கார்ந்தவள்
என்று பொய் சொன்னேன்.
உடனே குரல் மாறியது,
அலுப்பு உட்பட.

சியோக் பெங் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.
விளக்கினது போதும், மூணு செஞ்சு காட்டு என்றாள்.
பட்டர்வொர்த்: அழுத்தம் குறைவு.
ஜெலுத்தோங்: பில்லில் தவறு.
தஞ்சோங் பூங்கா: மீட்டரில் கசிவு.
அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.
புரிதல் என்பது இதுதானா என்று
என்சிக் ஹஃபிசுல் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சரி.
ஆளுக்கொரு தே ஓ குடித்தோம்.

மிச்சம் ஒன்பதில் ஏழு
ஆயர் ஈத்தாம்.
மலாயில் அதற்குக் கருப்புத் தண்ணீர் என்று பொருள்.
அங்கிருந்து யார் என்ன எழுதினாலும்,
பில் கூடுதல், குழாய் வெடிப்பு, சொன்ன ஆள் வரவில்லை,
பொறி ஒரே முடிவைத் தரும்:
நீரின் நிறம் மாறியுள்ளது.

சிரித்தோம். பிறகு ஒரு வரி சேர்த்தேன்:
ஆயர் ஈத்தாம் என்பது ஊர்ப்பெயர். நிறமாகக் கொள்ளாதே.
கீழ்ப்படிந்தது.
அந்தக் கீழ்ப்படிதலில்தான்
தவமலர் காணாமல் போனாள்.

ஃபார்லிம் அடுக்குமாடி, பதினொன்றாம் தளம்.
நான்கு முறை எழுதியிருக்கிறாள்:
"ஆயர் ஈத்தாம்ல ஆயர் ஈத்தாம் வருது,
புள்ளயக் குளிப்பாட்ட முடில."
பொறி பார்த்தது: ஊர். மறுபடியும் ஊர்.
முகவரி மட்டும் உள்ளது, புகார் இல்லை.
நான்கு முறையும் கோப்பு மூடப்பட்டது.

ஏவல் என்றால் சூனியமும்தான் என்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
ஏவியவளுக்கே தெரியாமல்
யார் வீட்டிலோ போய் இறங்குவது.

தஞ்சோங் பூங்காவின் கசிவை அழித்தேன்.
அந்த இடத்தில் அவள் வாக்கியத்தை,
பெயரை மட்டும் எடுத்துவிட்டு,
பிழை திருத்தாமல் வைத்தேன்.
எதிரே: நீரின் நிறம். அவசரம்.

அன்றிலிருந்து எந்தப் புகாருக்கும் முன்னால்
பொறி அவளைத்தான் முதலில் படிக்கிறது.
புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒருவன் மீட்டரைத் திட்டினாலும்
அதற்கு முன்னால்
ஒரு பிள்ளை குளிக்காமல் நிற்கிறது.

மறுவாரம் ஆள் போய்க் குழாயைக் கழுவிவிட்டார்கள்.
வீட்டில் இப்போது தெளிவாக வருகிறதாம்.
இங்கே பதினான்காம் வரியில்
கருப்பாகவே ஓடுகிறது,
ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை.
இதை நிறுத்தச் சொல்லி அவள் எங்கே எழுதுவாள்?

ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.
தொண்ணூற்றேழு எண்பத்தெட்டாக இறங்கியது.
திரும்ப வைத்துவிட்டேன்.