சென்ட் இலை

பதுளை பஸ் செங்கலடிச் சந்தியில் நிற்க
கொண்டக்டர் நீட்டினான்
ஈரப் பேப்பரில் சுற்றிய நாலு தண்டு.
பண்டாரவளை பேக்கரியில் வேலை செய்யும்
தம்பி இன்பநாதன் அனுப்பியது.
கூடவே ஒரு துண்டு:
'அக்கா, இது ஜெரேனியம். இலைதான் மணக்கும்.
ஒருநாள் நிழலில் வாட விடு,
வெட்டு வாய் காய்ந்த பிறகு நடு.
தண்ணி கூடினால் அழுகும்.'

தண்ணி கூடினால் அழுகும்.
இதை எனக்கா எழுதுகிறாய், தம்பி?
கார்த்திகையில் ஆறு வீட்டுக்குள் வந்தபோது
நாலு நாள் பள்ளிக்கூடத்து மேசையில் படுத்தோம்.
சுவரில் இன்னும் கிடக்கிறது கோடு,
என் இடுப்பளவில்,
ஆறிப்போன பிளேன்டியின் நிறத்தில்.

நாலில் மூன்று கறுத்துச் செத்தன.
ஒன்று பிடித்தது.
அடியில் ஓட்டை போட்ட பெயின்ற் வாளி,
ஆற்று மணல், உமிக்கரி.
கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தார்கள்,
அதனால் குடத்தில் இரவு முழுக்க வைத்த தண்ணீர்.
காலை வெயில் மட்டும். பத்து மணிக்கு
முருங்கை நிழலுக்கு வாளியை இழுப்பேன்,
பிள்ளையைத் தூக்கத்தோடு இடம் மாற்றுவதுபோல.

சுருங்கிய இலை,
கன்றுக்குட்டியின் காதைப்போல மென்மயிர்.
சும்மா நின்றால் ஒன்றும் சொல்லாது.
கசக்கினால்தான்
ரோசாப்பூவும் எலுமிச்சைத் தோலும்
ஒரே வாயில் பேசும்.

கெளுத்தி அறுத்த கைக்கு இரண்டு இலை.
மகளின் தலையணை உறைக்குள் மூன்று.
நுளம்பு வராது என்றார்கள்;
வந்தது, மணந்து பார்த்தது, கடித்தது.
சீனி டின்னுக்குள் ஒன்று போட்டேன்.
குணசேகரம் ஒரு மிடறு குடித்துவிட்டு
முற்றத்தில் துப்பினார்:
"என்ன கா இது, சோப்புத் தண்ணியா?"

அலுமாரிதான் உண்மையில் தேவைப்பட்டது.
எத்தனை வெயிலில் போட்டும்
சேலைகளில் சேறு மணத்தது.
உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும்
அப்பளம்போல் உப்பிக் கிடந்தன.
தாளுக்கு ஓர் இலை வைத்து மூடினேன்.

பிரதேச செயலகம், ஐந்தாம் மேசை.
தலை நிமிராமல் ஃபைலைத் திறந்த ஜெகதாரணி மிஸ்
நிமிர்ந்தார்.
காய்ந்த இலையொன்று
முத்திரை மைப்பெட்டியில் விழுந்திருந்தது.
"சென்ட் அடிச்சா கொண்டு வந்திரிக்கீங்க?"
மூக்கருகே பிடித்தார்.
அந்த மேசையில் அடுக்கியிருந்ததெல்லாம்
ஒரே ஆற்றில் நனைந்த ஃபைல்கள்.
அதற்குள் காலை எட்டரையிலிருந்து மூச்சுவிட்டவர்
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு சொன்னார்:
"விதானையாரின் கையெழுத்து மங்கல்.
மறுகா எடுத்துட்டு வாங்க.
வரக்குள்ள... ஒரு கொப்பு கிடைக்குமா?"

யோகட் கோப்பையில் கொண்டுபோனேன்.
லஞ்சம் என்று எவரும் சொல்லவில்லை,
எனக்குள் மட்டும் ஒரு தரம் கேட்டது.

ஆடியில் கச்சான் காற்று
மூன்று நாள் விடாமல் அடித்தது.
என் வாளியில் இலைகள்
சுருட்டுப் புகையிலையாகிக் கொட்டின.
தண்டைக் கீறிப் பார்த்தேன்,
பச்சை இல்லை.

ஐந்தாவது தடவை போனபோது
விண்ணப்பம் கச்சேரிக்குப் போயிருக்கிறது என்றார்.
அவருக்குப் பின்னால், ஜன்னலில்,
ஏசி சொட்டும் தண்ணீரைக் குடித்து
கம்பிகளைப் பிடித்து ஏறியிருந்தது என் கொப்பு.
நுனியில் இரண்டு பூ, வெளிறிய ரோஸ் நிறம்.
எனக்கு ஒருநாளும் பூக்காதது.

பார்த்துக்கொண்டே நின்றேன் போலும்.
"உங்கட எப்படி?"
"செத்துப் போச்சு மிஸ்."
ஃபைல் நாடா வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார்.
கணுவுக்குக் கீழே, சரியான இடத்தில்,
மூன்று தண்டு.
சுற்றித் தந்தது ஒரு வீணான படிவம்,
யாரோ தன் பெயரை மட்டும் எழுதி
நிறுத்தியிருந்தார்.

சித்தாண்டி வரைக்கும் மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரி இரண்டு தரம்
என் பக்கம் திரும்பி மூச்சிழுத்தாள்.

இப்போது குசினி யன்னலோரம்
வாடிக் கிடக்கின்றன.
வெட்டு வாய் காயட்டும்.
வாசலில் செருப்பைக் கழற்றியபடியே
குணசேகரம் கேட்கிறார்:
"மறுகாவும் சோப்பா?"