தகரக் குடை

மெஹிகாலியில் ஜூலை. காலை எட்டுக்கே
தாழ்ப்பாளைத் தொடத் துணி வேண்டியிருக்கிறது.
"மத்தியானம் மூணு மணிக்கு நின்னுடும்" என்கிறார் காசிமீரோ.
ரொட்டித் தொழிற்சாலையில் இராப்பணி.
பகல்தான் அவருக்கு இராத்திரி.
"மூணு பேர் வந்து பார்த்தாச்சு.
வந்தவங்க முன்னால மட்டும் ஒழுங்காச் சுத்துது."

நம்புகிறேன்.
ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும்
இருமல் நின்றுபோகும் பிள்ளைகள் உண்டு.

மெயினை அணைத்து மூடியைக் கழற்றுகிறேன்.
கெபாசிட்டருக்குள் ஒளிந்திருக்கும் மிச்ச மின்சாரத்தை
முதலில் வடித்துவிட வேண்டும்,
என் இடது கட்டைவிரலுக்கு அது நன்றாகத் தெரியும்.
வயிறு உப்பவில்லை. எண்ணெய் கசியவில்லை.
ஃபேன் பக்கம் எழுதியிருப்பது ஐந்து,
மீட்டர் சொல்வது நாலு புள்ளி ஒன்பது.
வந்த மூவரும் இதைத்தான் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
பழையவை ஜன்னல் விளிம்பில் வரிசையாய் நிற்கின்றன.
அவர் மகள் ஸுலேமா
மூன்றுக்கும் கண்ணும் மூக்கும் வரைந்திருக்கிறாள்,
ஒன்றுக்கு மீசை.

கான்டாக்டரில் எறும்பு இல்லை.
இறக்கையை ஒரு விரலால் தள்ளினேன்,
முனகாமல் சுற்றியது.
தண்டைப் பிடித்து ஆட்டினேன், ஆடவில்லை.

இனி என் பெட்டியில் மிச்சமிருக்கும் ஒரே கருவி
உட்கார்ந்திருப்பது.

மெஷினுக்கு மேலே தாழ்வாக ஒரு தகரக் கூரை.
அதன் நிழலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டேன்.
இன்னொரு வீட்டுக்காரி நாலு தடவை போன் செய்தாள்,
ஐந்தாவதில் திட்டினாள்.
பதினொன்று. பன்னிரண்டு.
எதிர்வீட்டு நாய் காருக்கடியில்
நிழல் நகர நகர நகர்ந்தது.
ஸுலேமா தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்,
"சத்தம் போடாதீங்க, அப்பா தூங்கறார்" என்று
சத்தமாகச் சொன்னாள்.

மூன்று பத்து.
இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின.
பிறகு நின்றன.
கம்ப்ரசர் மட்டும், எதுவும் தெரியாததுபோல்,
உறுமிக்கொண்டிருந்தது.

குச்சியை விட்டுத் தள்ளினேன்:
இரண்டு சுற்று, அவ்வளவுதான்.
மோட்டார் வரைக்கும் மின்சாரம் வருகிறது.
எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சுருளை அளந்தேன்.
மீட்டர் வாய் திறக்கவில்லை. வழியே இல்லை.
மோட்டார் ஓட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்,
சுர் என்றது.
நாற்பது நிமிஷம் கழித்து அளந்தால்
வழி திறந்திருக்கிறது.

ஆக, பழுதில்லை.
உள்ளே கடுகளவு ஒரு காவல்காரன் இருக்கிறான்.
சூடு தாங்காமல் போனால் கதவைச் சாத்துவான்,
ஆறினால் திறப்பான்.
ஆனால் இவ்வளவு சூடு எங்கிருந்து?
மறுபடி ஓடவிட்டு
தெருவில் வெப்பமானியை நீட்டினேன்: நாற்பத்தாறு.
மெஷின் ஓரத்தில்: ஐம்பத்தெட்டு.
கையை மேலே உயர்த்தினேன்.
ஃபேன் துப்பிய அனல் தகரத்தில் முட்டி
என் புறங்கையில் திரும்பி இறங்கியது.
அது விட்ட மூச்சையே அது குடித்துக்கொண்டிருந்தது.

எழுந்து வந்திருந்தார், பனியன் முழுக்க வியர்வை.
"இந்தக் கூரை யார் போட்டது?"
"நான்தான். ஏப்ரல்ல.
நாள் முழுக்க வெயில்ல காயுதே, பாவம்னு..."
பாதியில் நிறுத்தினார்.
மேலே பார்த்தார்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை.
காலையிலிருந்து அந்த நிழலில்தானே
நானும் இருந்தேன்,
நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு.

நாலு போல்ட். ஒன்று துருப்பிடித்து மல்லுக்கு நின்றது.
கூரை இறங்கியதும் வெயில் மெஷின் மேல் விழுந்தது,
அனல் நேராக வானத்துக்குப் போயிற்று.
ஐந்தரைக்கும் சுற்றிக்கொண்டிருந்தது.
மோட்டார் நிறைய வெந்துவிட்டது,
இந்தக் கோடையைத் தாண்டலாம், சத்தியம் செய்ய மாட்டேன்.

ரசீதில் 'மாற்றிய பாகங்கள்' என்ற இடத்தில்
ஒரு கோடு போட்டேன்.
அவர் தகரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.
ஸுலேமா என் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.
"நாலாவது?" என்றாள்,
கையில் பேனாவோடு.