சேதவிபரம்

மேற்றிராசன இல்லத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
இரண்டு பக்கம். நீல மையால் நிரப்புக.
கோயில் கட்டிய ஆண்டு, கட்டியவர், காணியின் அளவு.
கடைசிக் கட்டத்தில்: சொரூபங்களின் சேதவிபரம்.

ஆண்டு தெரியாது.
கச்சான் பருவத்துக்குப் பேசாலையிலிருந்து வந்தவர்கள்
வெண்ணாவல்முனையில் கருவாட்டு வாடி போட்டார்கள்.
காற்றுத் திரும்பியும் ஏழு குடும்பம் திரும்பவில்லை.
ஞாயிறுகளில் மீனை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு
அதே வாடியில் செபமாலை.
குதிரையில் வந்த பிரெஞ்சுச் சுவாமி
மூக்கால் மூச்சு விடாமலே
முதற்பூசையை முடித்தாராம்.
கட்டியவர் என்ற இடத்தில்
கயித்தானும் அறுக்குளாவும் என்று எழுதலாம்.
கயித்தான் என்று மட்டும் எழுதினேன்.

அந்தோனியார் பிறகுதான் வந்தார்,
வள்ளத்தில், வைக்கோலுக்குள் மல்லாந்தபடி,
இடது கையில் பாலன் யேசுவோடு.

அறுபத்துநாலு மார்கழிப் புயலில்
கூரை கெங்கைக்கு அக்கரை போய்விட்டது.
மணலில் குப்புறக் கிடந்தவரை நிமிர்த்தினால்
பாலனைக் காணவில்லை.
இருந்த இடத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.
மூன்று நாள் கரைவலை வளைத்துத் தேடினார்கள்.
ஒரு கதவு வந்தது. யாரோவின் ஆடு வந்தது.

மூப்பர் எஸ்தாக்கியின் கணக்குக் கொப்பியில்:
'தகரம் இருபத்திரண்டு. மூதூர் அகமதுலெவ்வை கடை. கடன்.'
கொப்பி முடியும்வரை புரட்டினேன்,
அந்த வரியை யாரும் வெட்டவில்லை.
போன மாதம் அவருடைய பேரனிடம் போய்ச் சொன்னேன்.
"கோயில் ஒழுகுதா?" என்றார்.
இல்லை என்றேன்.
"அப்ப கிடக்கட்டும்."

பிள்ளையில்லாத கை எத்தனை நாள் சும்மா இருக்கும்?
மதலேனாள்தான் முதலில் ஒரு பிடி வெங்காயம் கட்டித் தொங்கவிட்டாள்.
பிறகு முதற்பாட்டின் பாரைக்குட்டி,
சோதனைக்கு முதல்நாள் பேனைகள்,
கோடுபோட்ட தாளில் விவாகப் பிரச்சினைகள்.
கம்பியில் துணி சுற்றி
என்னையும் ஒருக்கால் படுத்திப் பார்த்தார்களாம்.
குறைமாசப் பிள்ளை. அளவாய் இருந்தேனாம்.

தொண்ணூறு ஆனி. காட்டுப்பாதையால் வெளிக்கிட்ட இரவு.
ஒவ்வொருவராய் வந்து வீட்டுத் திறப்பை
அந்தக் கம்பியில் மாட்டினார்கள்.
பதினொன்று. அதில் ஒன்று சைக்கிளுடையது.
யாரும் செபிக்கவில்லை. நேரமில்லை.
லூக்காஸ் மட்டும் பாதி வழியில் நின்றான்,
திறப்பை எடுத்துக்கொண்டு வாறேன் என்று திரும்பினான்.
ஏனென்று கேட்க
அதற்குப் பிறகு அவன் அகப்படவில்லை.

நாங்கள் வந்தபோது வீடுகள் அத்திவார உயரத்தில் இருந்தன.
திறப்புகள் பத்தும் இருந்தன,
துரு ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது.
அம்மா மண்ணெண்ணெய் விட்டுத் தன்னுடையதைக் கழற்றி
கதவில்லாத வாசல்வரை கொண்டுபோனாள்.
கொஞ்ச நேரம் நின்றாள்.
பின்னேரம் பார்க்கிறேன்,
அது பழையபடி கம்பியில்.

சுனாமி அந்தோனியாரின் பாதத்தைத் தொட்டுவிட்டுத்
திரும்பியது என்பார்கள் வெளியூர்க்காரர்.
பொய். கழுத்துவரை வந்தது.
சுவரில் கோடு இருக்கிறது, வெள்ளையடிக்கும்போதெல்லாம்
அதை விட்டுவிட்டுத்தான் அடிக்கிறோம்.

இப்போது நீர்கொழும்பில் புதுப் பாலன் செய்வார்களாம்,
பைபர் கிளாசில், படம் அனுப்பினால் போதும்.
பங்குச் சுவாமிக்கு நல்ல விருப்பம்.
கூட்டம் இரண்டு மணித்தியாலம் நடந்தது.
ஆதரித்தவர்கள் ஆதரித்தார்கள்,
பணம் எங்கே என்றவர்கள் பணம் எங்கே என்றார்கள்.
கடைசியில் லூக்காஸின் தங்கச்சி,
கூட்டங்களில் வாய் திறக்காதவள்,
"பிள்ளை வந்தா திறப்புகளை எங்க வைக்கிறது?" என்றாள்.
சுவாமி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

காணி: ஒரு ஏக்கர், கடல் தின்றது போக.
நீல மை முடிந்து
பக்கத்து வீட்டுப் பெடியனின் பேனையால் எழுதுகிறேன்.

சேதவிபரம்:
இடது கை.
பாவனையில் உள்ளது.