ஐந்து பாலம், நாலு பிழை

ஜன்னல் சீட்டைப் பிடித்தது காற்றுக்காக அல்ல,
இடது தோளில் யாரும் இடிக்காமலிருக்க.
காரை எலும்பு முறிந்து பதினோரு நாள்.
டிக்கெட்டின் முதுகில் 4 என்று கிறுக்கி
"சில்லறை எறங்கும்போது" என்றார் கண்டக்டர்.
அவருக்கு அது பாக்கி.
எனக்கு நாலென்றால்
ஒரு கட்டை விழுந்திருக்கிறது.

கரந்தை தாண்டி வடவாறு.
சின்னப் பாலம். கால் சூடேற்றிக்கொள்ள ஏற்ற தடை.

மணி அடிக்குமுன் வெறுங்களத்தில் நடப்போம்,
என் நாலடி குதிரைக்கு ஒரு பாய்ச்சல்;
இறங்க இரண்டடி, எழும்ப இரண்டடி தள்ளி
மிச்சத்தை மனசில் எழுதிக்கொள்வேன்.
இதைப் பழகியது ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரியின் பின்னால்,
என்சிசியின் கிழட்டுச் செவலை மேல்.
இரண்டு எண்ணெய்ப் பீப்பாய், நடுவில் ஒரு சவுக்குக் கழி.
டாக்டராக வேண்டியவள்
மூன்றாம் ஆண்டில் அப்படியே தாவிவிட்டேன்.
அப்பா ஆறு மாதம் பேசவில்லை.
பேசியபோது கேட்டது:
"இதுக்கு பி.எஃப். உண்டா?"

வெண்ணாறு.
ஏட்டில் அவள் ஏதோ ஒரு ராணி.
வெள்ளை உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி தெறித்ததால்
நான் கூப்பிட்டது பொரி.
விரித்த குடையைக் கண்டால் மிரண்டவள்
ஐந்து வருடத்தில்
என் நெற்றி உயரக் கட்டைகளைத் தாண்டினாள்.
கோப்பையை முதலாளி வாங்குவார்,
ரிப்பன் அவள் காதோரம் படபடக்கும்,
எனக்கு மாதம் முப்பத்தெட்டாயிரம்,
ஒலிபெருக்கியில் "ஏ. நாயகி".
அறம்வளர்த்தநாயகி என்று முழுசாகச் சொல்ல
பெங்களூர் அறிவிப்பாளருக்கு மூச்சு போதாது;
அதற்குள் நாங்கள் மூன்றாம் தடையில் இருப்போம்.

விற்றதை வாட்ஸ்அப்பில் சொன்னார்கள்.
லாரிப் பலகையில் கால் வைக்க மறுக்கிறாள், வா என்று
பிறகு போனிலும்.
என் பின்னால் என்றால் எதிலும் ஏறுவாள்.
ஏறினாள்.
பக்கக் கதவு வழியே நான் இறங்கினேன்.

வெட்டாற்றுப் பாலத்தின் முன் குழி.
பஸ் துள்ள, பல்லைக் கடித்தேன்.
விழுந்த கதையும் இவ்வளவுதான்:
வேறொருவர் குதிரை, குட்டைக்கால் கறுப்பன்,
இரட்டைத் தடைக்கு நடுவே ஆறு வேண்டும் அவனுக்கு.
என் இடுப்பு பொரியின் ஐந்தை எண்ணிக்கொண்டிருந்தது.
அவன் நின்றுவிட்டான்.
நான் மட்டும் தாண்டினேன்.

கண்டியூரில் பூக்கூடையோடு ஒருத்தி ஏறி
தோள்கட்டைப் பார்த்து
"வண்டியில விழுந்தியா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
குதிரையென்றால் காவிரி வரை பேச வேண்டியிருக்கும்.

குடமுருட்டியைக் கவனிக்கவில்லை.
போனில் கோயம்புத்தூர் நம்பர்:
நாலு வயசு, இன்னும் சேணம் போடாதது,
எப்ப வர்றீங்க?
கூடவே ஒரு படம். காதுகள் நன்றாயிருந்தன.
காதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கடைசியாகக் காவிரி.
களத்தில் தண்ணீர்த் தடை என்பது
நீலத் தார்ப்பாய், ஒரு சாண் நீர்,
ஓரத்தில் வெள்ளைப் பட்டை;
குளம்பு பட்டால் நாலு.
இங்கே கரைக்குக் கரை மணல்,
நடுவில் படுத்திருக்கும் இரண்டு எருமை.
மேட்டூர் திறந்தாச்சு, முக்கொம்பு வந்துடுச்சு
என்கிறார் முன் சீட்டுக்காரர், வாட்ச்சைப் பார்த்தபடி,
ஏதோ அடுத்த பஸ்ஸில் வருவதைப் போல.
பாலம் தொடங்கும் இடத்தில்
என் குதிகால் தானாகக் கீழே அழுந்தியது.
வலது கை முன்னால் போய்
இல்லாத கழுத்துக்கு இடம் விட்டது.
பூக்காரி தன் கூடையை இழுத்துக்கொண்டாள்.

திருவையாறு. இறங்கினேன்.
தாண்டியபின் திரும்பாதே,
கட்டை விழுந்ததா என்பதைக் காது சொல்லும்.
பின்னால் விசில்,
பின்னால் "யம்மா, நாலு ரூவா!"
கழுத்து திரும்பவில்லை.
பழக்கம்.